உடலை அசைக்கும் பக்கம் இலக்கியம் ஆகுமா?

ஏட்டுச்சுவடி:

வேட்கையை எழுதலாமா கூடாதா என்ற பழைய சண்டையைக் கிளப்ப நான் வரவில்லை. காமத்துப்பாலுக்கு 25 அதிகாரங்களை, 250 குறட்பாக்களை ஒதுக்கிய நூலைத் தலைமேல் வைத்துக் கொண்டாடும் நமக்கு அந்தக் கேள்வி எழவே கூடாது. என் கருத்து வேறு. ஒரு கதையையோ கவிதையையோ படிக்கும்போது வாசகரின் உடலில் கிளர்ச்சி எழுமானால், அந்தக் கணத்தில் அவர் வாசிப்பதை நிறுத்திவிடுகிறார். கண் வரிகளின்மேல் ஓடலாம். ஆனால் வாக்கியத்தின் ஓசை அவர் காதில் விழுவதில்லை, பாத்திரத்தின் முகம் மறைந்துபோகிறது, அந்த இடத்தில் வாசகர் தம்மையே நிறுத்திக்கொள்கிறார். எழுதியவரின் வேலையும் அங்கே முடிந்துவிடுகிறது, ஏனென்றால் அதன்பின் எந்தச் சொல்லைப் போட்டாலும் விளையும் பயன் ஒன்றுதான்.

நம் அகமரபு இதை அறிந்தே நடந்தது. அகப்பாடலில் எவருடைய இயற்பெயரும் சுட்டப்படக் கூடாது என்று தொல்காப்பியம் விதித்தது. கூடலைச் சொல்ல மலையும், பிரிவைச் சொல்லப் பாலையும், இரங்கலைச் சொல்லக் கடற்கரையும் முன்வந்து நின்றன. இன்று வேட்கையை எழுதுவோரில் பலர் அந்தக் குறிப்பின் கலையைக் கைவிட்டு, உடலுறுப்புகளை வரிசைப்படுத்துவதையே துணிச்சல் என்று நம்புகிறார்கள். இன்பம் இலக்கியத்தின் பொருளாக இருக்கட்டும். வாசகருக்கு அதை ஊட்டிவிடுவது இலக்கியத்தின் நோக்கமாக இருக்கலாகாது. மாற்றுக் கருத்துடையோர் விரிவாக எழுதுமாறு வேண்டுகிறேன்.

மறுவாசிப்பு:

வணக்கம் ஐயா. நீங்கள் எடுத்துக்காட்டிய தொல்காப்பியத்தையே நானும் எடுத்துக்கொள்கிறேன். உள்ளத்து உணர்ச்சி உடலில் வெளிப்படுவதைப் பேசும் அதன் மெய்ப்பாட்டியல் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டினைச் சொல்கிறது. அழுகையும் அச்சமும் உவகையும் அங்கே ஒரே வரிசையில்தான் நிற்கின்றன. ஒரு துயரக் காட்சியைப் படித்துத் தொண்டை அடைத்துக்கொள்ளும்போது வாசகர் வாசிப்பதை நிறுத்திவிட்டார் என்று நாம் சொல்வதில்லை. எழுத்து வென்றது என்கிறோம். பேய்க்கதை படித்து மயிர்க்கூச்செறிந்தால் அதுவும் எழுத்தின் வெற்றி. வேட்கையின் பக்கத்தில் மட்டும் உடல் அசைந்தால் எழுத்து தோற்றுவிட்டது என்பதற்கு நீங்கள் காட்டும் காரணம் எனக்குப் போதவில்லை.

படிப்பதும் வேட்கையும் ஒன்றையொன்று கெடுப்பவை என்ற உங்கள் அடிப்படையையே குறள் மறுக்கிறது. "அறிதோறு அறியாமை கண்டற்றால் காமம் செறிதோறும் சேயிழை மாட்டு" என்னும் 1110ஆம் குறளைப் பாருங்கள். ஒன்றைக் கற்கக் கற்க, அதுவரை அறியாதிருந்தது எவ்வளவு என்று தெரியவருகிறது. இவளைச் சேரச் சேரக் காமமும் அப்படியே இருக்கிறது என்கிறான் தலைவன். கூடலின் உச்சத்தில் நிற்பவனுக்கு உவமையாகத் தேனோ கள்ளோ தரப்படவில்லை, கல்வி தரப்படுகிறது. நெருங்கிய பின்னும் தீராமல் அடுத்த பக்கத்தைத் திறந்து காட்டுவதுதான் இருவகை இன்பத்துக்கும் பொது இயல்பு. அதை உணர்ந்து எழுதியவர் உடலின் கிளர்ச்சியை வாசிப்பின் முடிவாகக் கருதியிருக்க முடியாது.

ஏட்டுச்சுவடி:

நல்ல குறளை எடுத்தீர்கள். ஆனால் அது என் பக்கமும் பேசும். அந்தக் குறளைப் படித்து எவருக்கும் உடல் சூடேறுவதில்லை, அறிவுதான் விழிக்கிறது.

அழுகையோடு நீங்கள் செய்த ஒப்பீட்டுக்கு என் விடை இது. ஒரு கதையைப் படித்து நான் அழும்போது என் கண்ணீர் இன்னொருவருக்காக வருகிறது. என் மகன் சாகவில்லை, கதையில் வரும் தாயின் மகன் செத்திருக்கிறான். கிளர்ச்சி அப்படிப்பட்டதன்று. அது எனக்காக, என் உடலுக்காக எழுகிறது. பாத்திரம் அதற்கு ஒரு சாக்கு மட்டுமே. துயரம் நம்மைப் பிறரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறது, கிளர்ச்சி நம்மை நம்மிடமே திருப்பி அனுப்புகிறது. இந்த வேறுபாடு உள்ளவரை இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

கரும்பலகை:

உடலில் எழும் கிளர்ச்சியை அளவுகோலாகக் கொண்டால் அது எங்கே போய் நிற்கும் என்பதற்குச் சான்று இருக்கிறது. 1868இல் இங்கிலாந்தில் ஹிக்ளின் வழக்கில் ஒரு விதி பிறந்தது. கெட்டுப்போகக்கூடிய மனம் உடைய எவரேனும் ஒருவர் கையில் கிடைத்தால் அவரைக் கெடுக்கும் போக்கு உடைய எழுத்து ஆபாசமானது என்பது அதன் சாரம். 'லேடி சாட்டர்லியின் காதலன்' நாவலை வெளியிட்ட பதிப்பகத்தை 1960இல் லண்டனில் நடுவர் குழு விடுவித்தது. அதே நாவலை விற்ற மும்பைப் புத்தகக் கடைக்காரரின் தண்டனையை நம் உச்ச நீதிமன்றம் 1964இல், அந்தப் பழைய விதியைக் கைக்கொண்டே, உறுதிசெய்தது. 2014இல்தான் உச்ச நீதிமன்றம் அந்த விதியை விட்டுச் சமகாலச் சமூகத்தின் அளவைப் பார்க்க வேண்டும் என்றது.

நேரே சொல்லாமல் குறிப்பால் உணர்த்தி எழுதினால் பிழைக்கலாம் என்பதும் வரலாற்றில் நிற்கவில்லை. இஸ்மத் சுக்தாயின் 'லிஹாஃப்' 1942இல் வெளிவந்த உருதுச் சிறுகதை. இரண்டு பெண்களுக்கு இடையிலான உறவை ஒரு சிறுமி சொல்கிறாள். அவளுக்கு நடப்பது விளங்கவில்லை. இரவில் போர்வை அசைவதையும் அதன் நிழல் சுவரில் யானைபோல் ஆடுவதையும்தான் அவள் பார்க்கிறாள். இதைவிடக் குறிப்பாக ஒருவர் எழுத முடியுமா? அந்தக் கதைக்கும் லாகூரில் ஆபாச வழக்கு நடந்தது. இறுதியில் விடுதலை கிடைத்தது. ஆனாலும் ஒரு குழந்தையின் பார்வைக்குள் அவ்வளவு கவனமாக மறைத்து வைத்ததை ஆபாசம் என்று கண்டுபிடித்தவர்களின் அளவுகோல், படிப்பவருக்கு என்ன தோன்றியது என்பதுதான்.

ஏட்டுச்சுவடி:

தடையைப் பற்றியோ தண்டனையைப் பற்றியோ நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை. எந்த நூலும் தடைசெய்யப்படக் கூடாது என்பதே என் நிலை. நல்ல எழுத்து எது என்று வாசகர்கள் தமக்குள் பேசிக்கொள்வதற்கும் காவல் துறை கதவைத் தட்டுவதற்கும் இடையே உள்ள தொலைவைக் கரும்பலகை அவர்கள் அழித்துவிட வேண்டாம்.

புதுப்பேனா:

வாசகர் பக்கமே பேசிக்கொண்டிருக்கிறோம். எழுதும் மேசையில் நடப்பதையும் சொல்ல விரும்புகிறேன். நான் சிறுகதை எழுதுபவள். அண்மையில் எழுதிய ஒரு கதையில், நெடுங்காலமாக ஒருவரையொருவர் விரும்பியும் சொல்லாமல் இருக்கும் இருவர் ஒரு நீளமான துணியை மடிக்கிறார்கள். முதல் வரைவில் துணி இல்லை; நேராக அணைப்புக்குப் போயிருந்தேன். இதழ், தோள், இடை, மூச்சு என்று எல்லாம் இருந்தும் அந்த இருவர் மட்டும் அதில் இல்லை. எந்தக் கதையின் எந்த இருவருக்கும் அந்தப் பத்தி பொருந்தியிருக்கும். துணி வந்த பிறகு காட்சி மாறியது. முதல் மடிப்புக்கு இருவரும் தம் தம் இடத்தில் நிற்கலாம். அடுத்த மடிப்புக்கு ஒருவர் மற்றவரை நோக்கி நடந்து வந்து, முனைகளைக் கையில் கொடுத்துவிட்டு, குனிந்து கீழ்மடிப்பை எடுத்துக்கொண்டு பின்வாங்க வேண்டும். மீண்டும் வர வேண்டும், இம்முறை தொலைவு பாதி. கொடுக்கும்போது விரல் படுகிறது, அதைப் பற்றி எவரும் பேசுவதில்லை. துணி சிறியதாகிக்கொண்டே வருகிறது, அவள் கடைசி மடிப்பை வேண்டுமென்றே கோணலாக்கி உதறிவிடுகிறாள்.

அந்த உதறலை எழுதியபோது என் கை நடுங்கியதை ஒளிக்க மாட்டேன். கிளர்ச்சி எழுந்தது. ஆனால் ஐயா சொல்வதுபோல் சொல்லின் மீதிருந்த கவனம் அப்போது தளரவில்லை, கூர்மையாயிற்று. துணியின் முனை எந்தக் கையில் இருக்கிறது, அவள் பார்வை எங்கே விழுகிறது, 'உதறினாள்' என்பதா 'உதறிவிட்டாள்' என்பதா என்று ஒவ்வொன்றையும் அவ்வளவு அக்கறையோடு வேறெந்தக் காட்சியிலும் நான் பார்த்ததில்லை. வேட்கை கவனத்தின் இன்னொரு நிலை என்று எழுதும்போதுதான் தெரிந்தது. எழுதுபவருக்கு முன்கூட்டியே முடிவு தெரிந்திருந்தால், இருவரும் என்ன விரும்புகிறார்கள் என்பதில் ஐயமே இல்லாதிருந்தால், அந்தப் பக்கம் செத்துவிடுகிறது. ஐயா குறைகூறும் உறுப்புப் பட்டியல்கள் தோற்பதற்கும் காரணம் இதுவே என்று நினைக்கிறேன். அவற்றில் உடல் மிகுந்துவிட்டது என்பதைவிட ஆள் இல்லை என்பதுதான் குறை.

ஆண்டாளைப் பாருங்கள். "கருப்பூரம் நாறுமோ கமலப்பூ நாறுமோ" என்று திருமால் ஊதும் சங்கிடம் கேட்கிறாள். முத்தத்தை அவள் விவரிக்கவில்லை. அந்த வாயை அறிந்த ஒருவரைத் தேடிப் பிடித்து, அதன் சுவையும் மணமும் எப்படி என்று விசாரிக்கிறாள். தனக்குக் கிடைக்காதது சங்குக்குக் கிடைத்திருக்கிறது என்ற பொறாமை அந்தக் கேள்வியில் எரிகிறது. அதைப் படித்து உடல் அசையாதவர் பாசுரத்தைப் பாதிதான் படித்திருக்கிறார் என்பேன்.

ஏட்டுச்சுவடி:

துணி மடிக்கும் காட்சி அருமையாக வந்திருக்கிறது, வாழ்த்துகள் அம்மா. ஆனால் நீங்கள் அணைப்பை நீக்கித் துணியை வைத்தீர்கள். ஆண்டாள் முத்தத்தைச் சொல்லாமல் சங்கைக் கேட்டாள். இரண்டும் நான் முதலில் சொன்ன குறிப்பின் கலைக்கே சான்றுகள். சொல்லாமல் விடுவதில்தான் இந்த மொழியின் வேட்கைக் கவிதை உயரத்தைத் தொட்டது.

மறுவாசிப்பு:

இந்த இடத்தில்தான் நான் உங்களோடு கடுமையாக முரண்படுகிறேன். சொல்லாமல் விடுவது எல்லோருக்கும் ஒன்றன்று. தன் வேட்கையைத் தலைவன் முன் எடுத்துச் சொல்லுதல் தலைவிக்கு இல்லை என்று விதித்ததும் தொல்காப்பியம்தான். "தன்னுறு வேட்கை கிழவன்முன் கிளத்தல் எண்ணுங் காலைக் கிழத்திக் கில்லை" என்பது களவியல். ஆணுக்குக் குறிப்பு ஒரு நயம், அவன் வேண்டியபோது எடுத்து வேண்டாதபோது விடலாம். பெண்ணுக்கு அது வாயிற்பூட்டாகவும் இருந்திருக்கிறது. 2002இல் கவிஞர் குட்டி ரேவதியின் 'முலைகள்' தொகுப்பு வந்தபோது எழுந்த கூச்சலை நினைத்துப் பாருங்கள். ஆண் கவிஞர்கள் ஈராயிரம் ஆண்டுகளாகப் பாடிவந்த ஒரு சொல், அந்த உடலுக்கு உரியவரே நூலின் அட்டையில் எழுதியதும் கலையின் வீழ்ச்சியாகிவிட்டது.

மரபு முழுவதும் பூடகமாகவே பேசியது என்பதும் சரியன்று. குறுந்தொகை 27இல் சங்கப் புலவர் வெள்ளிவீதியார் நல்ல பசுவின் இனிய பால் கன்றும் குடிக்காமல் கலத்திலும் விழாமல் மண்ணில் வழிந்து வீணாவதைச் சொல்கிறார். அதுபோல எனக்கும் பயன்படாமல் என் தலைவனுக்கும் இன்பம் தராமல் என் மேனியின் அழகைப் பசலை உண்ணப்பார்க்கிறது என்று அவருடைய தலைவி கலங்குகிறாள். அங்கே "திதலை அல்குல்", அதாவது தேமல் படர்ந்த அல்குல், என்று உடல் தன் பெயரோடே நிற்கிறது. 'எனக்கும் ஆகாது' என்பது முதலில் வருகிறது, 'என் ஐக்கும் உதவாது', அதாவது என் தலைவனுக்கும் உதவாது, என்பது அடுத்துத்தான். தன் உடல் முதலில் தனக்கு இன்பம் தரவேண்டியது என்ற உரிமைக்குரல் அது. அந்த வரிசையை மாற்றிப் படித்துப்பாருங்கள், பாட்டு வேறாகிவிடும்.

குறிப்பைப் போற்றும் கூட்டம் பல நேரங்களில் குறிப்பைக்கூடத் தாங்கிக்கொள்ளவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன். வீரமாமுனிவர் குறளை இலத்தீனில் பெயர்த்தபோது முதல் இரண்டு பால்களோடு நிறுத்திக்கொண்டார். காமத்துப்பாலில் உறுப்புப் பட்டியல் ஏதும் இல்லையே, பிறகு எதை அஞ்சி விட்டார்? திருப்பாவையின் 30 பாசுரங்களும் ஊரறிய ஒலிக்க, அதே ஆண்டாளின் நாச்சியார் திருமொழி அந்த அளவுக்கு ஒலிக்காததும் ஏன்?

ஏட்டுச்சுவடி:

வெள்ளிவீதியாரின் அந்தப் பாட்டில் நான் காண்பது ஏக்கம், இன்பம் அன்று. அதைப் படிக்கும் எவரும் அவளுக்காக வருந்துவாரே தவிரத் தமக்கென்று கிளர்ச்சி கொள்வதில்லை. ஆகவே பிறருக்கான உணர்வு, தனக்கான உணர்வு என்று நான் காட்டிய வேறுபாடு அப்படியே நிற்கிறது. வேட்கை எழுத்தின் பெருவாரி, படிப்பவரின் தனிமையைக் காசாக்கும் சந்தைச் சரக்காக இருக்கும் காலத்தில், இந்த வேறுபாட்டை விட்டுக்கொடுத்தால் நல்ல எழுத்தைக் காட்டிச் சொல்ல நம்மிடம் எதுவும் மிஞ்சாது என்பதுதான் என் கவலை.

மறுவாசிப்பு:

உங்கள் கவலையை நான் மதிக்கிறேன் ஐயா; அந்தச் சரக்கை நானும் படிப்பதில்லை. ஆனால் ஏக்கம் வேறு, இன்பம் வேறு என்று பிரிக்க நம் நூல்கள் இடம் தரவில்லை. குறளின் கடைசிப் பாட்டே ஊடலைக் காமத்துக்கு இன்பம் என்கிறது. தள்ளி நிற்பதும் காத்திருப்பதும் இன்பத்தின் உள்ளேதான் இருக்கின்றன. புதுப்பேனாவின் கதையில் அவள் மடிப்பைக் கலைத்ததும் அதற்காகத்தானே.

கிளர்ச்சி நம்மை நம்மிடமே திருப்பி அனுப்புகிறது என்பதற்கு அதே வெள்ளிவீதியாரின் இன்னொரு பாட்டை விடையாக வைக்கிறேன். குறுந்தொகை 58 தலைவன் கூற்று. தன்னை இடித்துரைக்கும் நண்பர்களிடம் அவன் பேசுகிறான். வெயில் காயும் சூடான பாறையில் வெண்ணெய் வைக்கப்பட்டிருக்கிறது. காவலுக்கு இருப்பவன் கையில்லாதவன், வாய் பேசாதவன். உருகிப் பரவும் வெண்ணெயை அள்ளவும் முடியாமல், எவரையும் கூப்பிடவும் முடியாமல் கண்ணால் மட்டும் காக்கிறான். இந்த நோயும் அப்படிப் பரவிவிட்டது, பொறுத்துக்கொள்வது அரிது என்கிறான் தலைவன். ஓர் ஆணின் உடலுக்குள் வேட்கை பரவுவதை எழுதியவர் ஒரு பெண். அவர் தமக்கில்லாத உடலுக்குள் புகுந்து அதன் வெப்பத்தை அறிந்திருக்கிறார். பெண்ணாகிய நான் அதைப் படிக்கும்போது என் தோலில் அந்தப் பாறையின் சூடு ஏறுகிறது, அப்போது நான் அவனாக இருக்கிறேன். துயரத்தால் மட்டுமே பிறரிடம் போய்ச் சேர முடியும் என்றால் இது என்ன? இந்தப் பாட்டில் உடல் அசைகிறது, வாசிப்பும் நிற்கவில்லை. உங்கள் அளவுகோல் இதை எந்தப் பக்கம் வைக்கும் என்று சொல்லுங்கள். அதன் பிறகு சந்தைச் சரக்கைப் பற்றிப் பேசுவோம்.