காற்று நிற்காத பிரெய்ரிப் புல்வெளியில் பூச்சிகளை மேக்ரோ (கிட்டப் போய்ப் பெரிதாக) படம் எடுப்பது எப்படி?

புல்லுக்குள்_நான்:
போன சனிக்கிழமை அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்து ஃபிளின்ட் ஹில்ஸில் உயரப்புல் பிரெய்ரிக்குப் போயிருந்தேன். 100 மிமீ மேக்ரோ லென்ஸ், ட்ரைபாட் எல்லாம் சுமந்துகொண்டு பகல் 11 மணிக்கு இறங்கினால், காற்று ஒரு நொடி நிற்கவில்லை. மில்க்வீட் செடியில் கறுப்புப் புள்ளி போட்ட சிவப்பு வண்டு ஒன்று அதுபாட்டுக்கு இலையைத் தின்றுகொண்டிருக்கிறது, எனக்கோ நாற்பது படத்தில் ஒன்றுகூடத் தேறவில்லை. பூச்சியைப் பிடித்து ஃபிரிட்ஜில் கொஞ்ச நேரம் வைத்தால் அசையாது என்கிறார் நண்பர். செய்யலாமா?

தும்பி:
ஃபிரிட்ஜ் யோசனையைத் தூக்கிப் போடுங்கள். அந்தக் குளிர்ச்சி விடியற்காலையில் இலவசமாகவே கிடைக்கிறது. நீள்கொம்புத் தேனீயில் ஆண்களுக்குக் கூடு கிடையாது; ராத்திரி ஒரு தண்டைத் தாடையால் கவ்விக்கொண்டு அப்படியே தூங்கிவிடும். வெயில் ஏறி உடம்பு சூடாகும்வரை கிட்டே போனாலும் பெரும்பாலும் பறக்காது, மேலெல்லாம் பனித்துளி வேறு. காற்றும் அந்த நேரத்தில் அடங்கியிருக்கும்.

ஒளிப்பெட்டி:
பகலில்தான் நேரம் என்றால் ட்ரைபாட்டைக் காரிலேயே விடுங்கள், புல் ஆடும்போது கேமரா மட்டும் நின்று என்ன பயன்? தண்டை இடது கையால் பிடித்து, அதே கைமேல் லென்ஸை வையுங்கள். இரண்டும் சேர்ந்தே ஆடும். லென்ஸ் துளை எஃப் 11, ஷட்டர் 1/200 நொடி, ஒளியை மென்மையாக்கும் டிஃப்யூசர் போட்ட ஃபிளாஷ் (என் டிஃப்யூசர் பழைய தயிர் டப்பா மூடி). ஒன்றுக்கு ஒன்று அளவில் (பூச்சி சென்சாரில் நிஜ அளவிலேயே விழும்போது), முழு ஃபிரேம் (பழைய 35 மிமீ ஃபிலிம் அளவு சென்சார்) கேமராவில், எஃப் 11 வைத்தாலும் தெளிவாக விழும் ஆழம் ஒரு மில்லிமீட்டர் சொச்சம்தான், அதனால் பூச்சியின் உடம்புக்கு இணையாகக் கேமராவைப் பிடிக்கணும். பேராசைப்பட்டுத் துளையை இன்னும் சுருக்கி எஃப் 22 போனால் படம் முழுக்க மழுங்கும்.

தும்பி:
அப்புறம் அந்தச் சிவப்பு வண்டைப் பக்கவாட்டில் எடுத்துப் பாருங்கள். உணர்கொம்பு கண்ணுக்கு நடுவிலேயே முளைத்து, ஒவ்வொரு கண்ணையும் மேலும் கீழுமாக இரண்டாக வெட்டியிருக்கும். டெட்ராவோப்ஸ் என்ற பேரினப் பெயருக்கே நாலு கண் என்றுதான் அர்த்தம். மில்க்வீட் நம்ம எருக்குக்குச் சொந்தம்தான், இலையைக் கிள்ளினால் பால் வடியும். கிள்ளிப் பார்க்காதீர்கள், பாதுகாக்கப்பட்ட இடம்!

புல்லுக்குள்_நான்:
இன்று விடிவதற்குள் போய்விட்டேன். தூங்குகிற தேனீ மூன்று, ஒன்றின் மீசையில் பனித்துளி வரிசை. நாலு கண்காரரும் மாட்டினார், கைமேல் லென்ஸ் வைத்த வித்தைதான். சாக்ஸில் இரண்டு உண்ணி! பேன்ட்டைச் சாக்ஸுக்குள் சொருகச் சொல்லி யாராவது முன்பே சொல்லியிருக்கலாம்.

ஒளிப்பெட்டி:
படத்தைப் போடுங்க சார், உண்ணிப் படம் வேண்டாம்.