இரண்டு வருடம் தாங்கினால்தான் குட்டி: ஆண் சிங்கங்களின் எல்லைச் சண்டைகள் (அனுபவப் பகிர்வு)

ஆண் சிங்கங்கள் தங்கள் கூட்டத்தைக் காக்கும்போது நேர்ந்த மோதல்களை இங்கே பகிருங்கள். ஒரு வேண்டுகோள்: நம் ஜீப், நம் கேமரா, நமக்கு வந்த நடுக்கம் எதுவும் வேண்டாம். சிங்கம் என்ன செய்தது, எத்தனை பேர் எதிரில் இருந்தார்கள், பிறகு என்ன ஆயிற்று, அவ்வளவு போதும்.

*

முதலில் கணக்கைப் போட்டுவிடுவோம். அது புரியாமல் எந்தச் சண்டையும் புரியாது.

பெண் சிங்கம் சினை சுமப்பது சுமார் 110 நாள். பிறந்த குட்டி தாயை நம்பாமல் பிழைக்க ஒன்றரை முதல் இரண்டு வருடம். ஆக, ஒரு ஆண் கூட்டத்தைப் பிடித்த நாளிலிருந்து ஒரே ஒரு ஈற்றை ஆளாக்கிப் பார்க்கவே இரண்டு முதல் இரண்டரை வருடம் ஓடிவிடும். தான்சானியாவின் செரெங்கெட்டியில் ஒரு ஆண் கூட்டணி (சேர்ந்து எல்லை காக்கும் ஆண்கள்) ஒரு பெண் கூட்டத்தைக் கையில் வைத்திருப்பது சராசரியாக இரண்டு, மூன்று வருடம்தான். சில மாதம் முன்னே பின்னே போவதில்தான் எல்லாமே இருக்கிறது.

புதிதாக வரும் ஆண்கள் சிறு குட்டிகளைக் கொல்வதும் இதே கணக்கால்தான். பால் கொடுக்கும் தாய் பருவத்துக்கு வராது. குட்டி போனால் சீக்கிரம் வந்துவிடும். வந்தாலும் பெண் உடனே சினைப்படுவதில்லை. புதியவர்கள் நிலைத்து நிற்பார்களா என்று தெரியும்வரை சில மாதங்கள் சும்மாவே இணைசேரும். அந்தச் சில மாதங்களில் அடுத்த கூட்டணி வந்து இவர்களைத் துரத்திவிட்டால், இவர்கள் சிந்திய ரத்தத்துக்குப் பலன் ஒன்றுமில்லை.

*

மேலே சொன்ன கணக்கோடு தலை எண்ணிக்கையையும் சேருங்கள். தனி ஆண் ஒரு கூட்டத்தைப் பிடிப்பதே அபூர்வம், பிடித்தாலும் நீடிப்பதில்லை. இரண்டு அல்லது மூன்று பேர் உள்ள கூட்டணியில் உறவில்லாத ஆண்கள் சேர்ந்திருப்பது உண்டு. நாலோ அதற்கு மேலோ போனால் எல்லாரும் ஒரே கூட்டத்தில் பிறந்த அண்ணன் தம்பிகள், ஒன்றுவிட்ட சகோதரர்கள். பெரிய கூட்டணியில் எல்லாருக்கும் சமமாகப் பெண் கிடைக்காது. தனக்குக் குட்டி இல்லாவிட்டாலும் அண்ணன் குட்டி தன் ரத்தம் என்றால்தான் அங்கே நிற்பது கட்டுப்படியாகும்.

கிரின்னெல், பாக்கர், பியூசி மூவரும் 1995-ல் வெளியிட்ட செரெங்கெட்டி ஆய்வை அவசியம் சொல்ல வேண்டும். ஒலிபெருக்கியில் அந்நிய ஆண்களின் கர்ஜனையை ஒலிக்கவிட்டார்கள். எதிரில் இருப்பது ஒன்றா மூன்றா என்று சிங்கத்துக்குக் காதிலேயே தெரியும். தெரிந்தும், ஆள் குறைவாக இருந்தபோதும் எல்லைக்குரிய ஆண்கள் சத்தம் வந்த திசைக்கு நடந்தன. கூட இருப்பவன் உறவா இல்லையா என்பது நடையை மாற்றவில்லை. துணை பின்தங்குகிறானா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டும் போகவில்லை.

நாடோடி ஆண்களோ பெரும்பாலும் வாயே திறப்பதில்லை. கர்ஜனை எட்டு கிலோமீட்டர் வரை கேட்கும். எல்லை இல்லாதவன் கர்ஜித்தால் தான் இருக்கும் இடத்தை எதிரிக்குக் காட்டிக்கொடுத்ததாகிவிடும். இரவெல்லாம் காலடித் தடம் மட்டும் தெரிந்து குரலே கேட்காத ஆண் என்றால் நாடோடி என்றே முதலில் சந்தேகப்படுங்கள்.

*

தென்னாப்பிரிக்கா, சாபி சாண்ட் காப்புக்காடு. மபோகோ என்று பெயர் பெற்ற ஆறு ஆண்கள். 2006 வாக்கில் இறங்கிப் பெரும் பரப்பைப் பிடித்தார்கள். ஆறு பேர் சேர்ந்து நின்றவரை எதிர்க்க ஆளில்லை. பிரிந்த பிறகு நடந்ததுதான் பாடம்.

2010-ல் கிங்கி டெயில், மிஸ்டர் டி இருவரும் மற்ற நால்வரை விட்டு விலகிக் கிழக்குப் பக்கத்தை வைத்திருந்தார்கள். அந்த ஜூனில் ஐந்து இளம் ஆண்கள் உள்ளே வந்தார்கள், பின்னால் மஜிங்கிலானே என்று அழைக்கப்பட்டவர்கள். ஐவரில் ஒருவன் தனியாகச் சிக்கினான். இருவரும் அவனைக் கொன்றார்கள். அங்கேயே விலகியிருந்தால் வேறு கதை. மிச்சம் நால்வரும் திரும்பி வந்தபோது கிங்கி டெயில் அவர்கள் நடுவில் மாட்டிக்கொண்டது, பிழைக்கவில்லை. மிஸ்டர் டி தப்பியோடி மேற்கே சகோதரர்களிடம் போய்ச் சேர்ந்தது. 2012 மார்ச்சில் செலாட்டி ஆண்கள் நால்வர் அதையும் கொன்றார்கள்.

இரண்டு சாவிலும் எண்ணிக்கை ஒன்றுதான்: ஒன்றுக்கு எதிராக நாலு. வலிமையில் மிஸ்டர் டி யாருக்கும் இளைத்ததல்ல.

*

அடிபடும் விதத்தைக் கொஞ்சம் விளக்குகிறேன், படங்களைப் பார்த்துப் பலர் தவறாக எழுதுகிறார்கள்.

ஒன்றுக்கு ஒன்று சண்டையில் முகம், முன்னங்கால், காது. பிய்ந்த காதும் மூக்குக் கீறலும் இப்படி வந்தவை, பெரும்பாலும் ஆறிவிடும். பல பேர் சேர்ந்து தாக்கும்போது ஒருவன் முன்னால் நின்று முகத்தைத் தன் பக்கம் திருப்பிவைப்பான். மற்றவர்கள் பின்னால் போய் இடுப்பு, முதுகெலும்பு, பின்தொடை, விதைப்பை என்று கடிப்பார்கள். அதனால்தான் சூழப்பட்ட ஆண் பின்புறத்தைத் தரையோடு அழுத்தி உட்கார்ந்தபடி சுழலும். அது பணிவதில்லை, காத்துக்கொள்வது. தண்டுவடத்தில் பல் இறங்கினால் பின்னங்கால் விழுந்துவிடும், அதன்பின் பட்டினியும் சீழும்தான். முகத்தில் ரத்தம் வழியும் ஆணைவிட, ரத்தமே தெரியாமல் இடுப்பை இழுத்து நடக்கும் ஆணுக்குத்தான் ஆபத்து.

பிடரி கழுத்துக்குக் கவசம் என்று இன்னும் எழுதுகிறார்கள். பெய்டன் வெஸ்டும் பாக்கரும் 2002-ல் வெளியிட்ட ஆய்வில் கழுத்துக் காயம் மற்ற இடத்துக் காயங்களைவிட அதிகமாகவும் இல்லை, கொடியதாகவும் இல்லை. பொம்மைச் சிங்கங்களை நிறுத்திப் பார்த்தபோது ஆண்கள் நீண்ட, கருத்த பிடரிக்காரனைத் தவிர்த்தன. பெண்கள் கருத்த பிடரியிடம் போயின. அதற்கான விலை வெப்பம். கருத்த பிடரிக்காரனுக்கு உடல் சூடு அதிகம், கோடையில் இரையும் குறைவாகவே உண்ணும்.

வயதை மூக்கில் பாருங்கள். குட்டிக்கு இளஞ்சிவப்பு மூக்கு. வயது ஏற ஏறக் கரும்புள்ளி பரவும். செரெங்கெட்டி சிங்கங்களில் பாதிக்கு மேல் கருத்திருந்தால் ஐந்து வயது தாண்டியது என்று எடுத்துக்கொள்ளலாம்.

*

குஜராத்தின் கிர் காட்டில் இதை அப்படியே பொருத்தாதீர்கள். அங்கே ஆணும் பெண்ணும் தனித்தனியே வாழ்கின்றன. இணைசேரவும், பெரிய இரை விழுந்தாலும்தான் சந்திக்கும். இரை பெரும்பாலும் புள்ளிமான் அளவு என்பதால் பெரிய கூட்டம் சேர்ந்து தின்ன வழியில்லை. ஆண்கள் பெரும்பாலும் இருவர் இருவராக. சக்ரவர்த்தி, ஜாலா 2017-ல் வெளியிட்ட ஆய்வின்படி ஜோடியில் ஒன்றின் கையே ஓங்கும், இணைசேர்தலில் சுமார் 70 சதவீதம் அதற்கு. இருந்தும் மற்ற பங்காளி விட்டுப் போவதில்லை. தனியாகப் போனால் அந்த 30 சதவீதமும் இல்லை.

பெண்களும் சாமர்த்தியசாலிகள். ஒரு பெண்ணின் நடமாட்டப் பரப்பில் ஒன்றுக்கு மேற்பட்ட கூட்டணிகள் இருக்கும். எல்லாரோடும் இணைசேர்ந்துவிடும். தன் குட்டியாக இருக்கலாம் என்று எண்ணும் ஆண் அதைத் தொடாது.

ஜெய், வீரு ஜோடியைப் பற்றி எழுதவே மனம் கனக்கிறது. 2025-ல் இருவரும் பிரிந்திருந்த நேரத்தில் வேறு ஆண்களிடம் தனித்தனியே அடிபட்டார்கள். சிகிச்சை கொடுத்தும் முதலில் வீரு போனது, சில வாரங்களில் ஜெய்யும்.

*

உகாண்டா, குயின் எலிசபெத் பூங்கா. ஜேக்கப் மூன்று கால் சிங்கம். ஒரு காலை வேட்டைக்காரர்களின் பொறி பறித்தது. சகோதரன் திபுவோடு திரிந்தது. 2024 பிப்ரவரியில் மற்ற ஆண்களிடம் தோற்ற சில மணி நேரத்துக்குள் இருவரும் காசிங்கா கால்வாயில் இறங்கினார்கள். நீர்யானையும் முதலையும் நிறைந்த தண்ணீர். இரவு நேரம், மேலே பறந்த டிரோனின் வெப்பக் கேமராவில் இரண்டு வெண்புள்ளிகள். முதல் முயற்சிகளில் பாதியில் திரும்பினார்கள், கடைசியில் ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீந்தி அக்கரை சேர்ந்தார்கள். அந்தப் பூங்காவில் பெண்ணுக்கு இரண்டு ஆண் என்ற நிலை. கண்ணியும் விஷமும் கூட்டத்தைக் குலைத்துவிட்டன. தோற்றவனுக்கு அடுத்த பெண் கூட்டம் அக்கரையில்தான்.

*

மனிதன் ஒரு ஆணை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஜிம்பாப்வேயின் ஹ்வாங்கே பூங்கா. 2015 ஜூலையில் வேட்டையில் கொல்லப்பட்ட சிசில் என்ற ஆணுக்கு 13 வயது. அதன் பங்காளி ஜெரிக்கோ உறவில்லாத ஆண். தனி ஆளாகிவிட்டதால் ஜெரிக்கோ துரத்தப்படும், வருபவர்கள் சிசிலின் குட்டிகளைக் கொல்வார்கள் என்றே எல்லாரும் அஞ்சினார்கள். ஜெரிக்கோ அந்தக் குட்டிகளைத் தொடவில்லை, கூட்டத்தை விட்டுப் போகவும் இல்லை. 2016-ல் சாகும்வரை அந்தப் பரப்பில்தான் இருந்தது.