எச்4 ஹெட்லைட்டில் எல்இடி பல்பு: டிம்மில் போட்டாலும் ஒளி மேலே ஏறுகிறது

புதுச்சாவி: 2013ஆம் ஆண்டு ஹாட்ச்பேக் கார். ஹெட்லைட்டில் எச்4, அதாவது டிம்முக்கும் பிரைட்டுக்கும் தனித்தனி இழை உள்ள ஹாலஜன் பல்பு. டிம் வெளிச்சம் போதாமல் கடையில் எல்இடி பல்பு மாட்டினேன். சாலை பளிச்சென்று தெரிகிறது. ஆனால் எதிரே வருகிற அத்தனை பேரும் பிரைட் அடித்து எச்சரிக்கிறார்கள். வலப்பக்க விளக்கு புளியமரக் கிளைகளைக் காட்டுகிறது. ஸ்க்ரூவைத் திருகி இறக்கினால் போதுமா?

இரவுச்சவாரி: போதும். விளக்குக்குப் பின்னால் இரண்டு ஸ்க்ரூ இருக்கும். ஒன்று மேல் கீழ், இன்னொன்று இடம் வலம். முதலாவதைத் திருகி இறக்குங்கள். நானும் வாடகை வண்டியில் எல்இடிதான் வைத்திருக்கிறேன். ஹாலஜனின் மஞ்சள் வெளிச்சத்தில் சாலையில் படுத்திருக்கும் எருமை கண்ணில் படுவதற்குள் பம்பரில் பட்டுவிடும்.

பட்டறைவாசி: இறக்கினால் தீராது ஐயா. எச்4 பல்பைக் கையில் எடுத்துப் பாருங்கள். டிம் இழைக்கு அடியில் கிண்ணம் போல ஒரு தகடு இருக்கிறது. அது கீழ்நோக்கிய ஒளியைத் தடுப்பதால் பிரதிபலிப்பானின் மேல் பாதி மட்டுமே வேலை செய்கிறது. சுவரில் வெளிச்சமும் இருட்டும் பிரியும் வெட்டுக்கோடு அதனால்தான் விழுகிறது. எல்இடியின் சில்லு அந்த இழை இருந்த இடத்திலிருந்து ஒரு மில்லிமீட்டர் தள்ளி நின்றாலே கோடு கலைந்து ஒளி சிதறும். சிதறுகிற ஒளியை இறக்கினால் உங்களுக்கும் சாலை தெரியாது, எதிரே வருபவருக்கும் கூச்சம் போகாது.

வலப்பக்கம் மட்டும் மரம் ஏறுகிறது என்றால் பல்பு சரியாக உட்காரவில்லை என்றுதான் சந்தேகப்படுவேன். எச்4க்கு மூன்று காதுகள். அகலமான காது மேலே வரவேண்டும். கம்பி கிளிப் மாட்டுவதற்கு முன்பே பல்பு ஆடாமல் நிற்கவேண்டும். ரப்பர் மூடியை அவசரமாகத் திணித்தால் கிளிப் நழுவிவிடும்.

இருசக்கரன்: எதிரே வருபவன் நான்தான். நடுத்திட்டு இல்லாத சாலையில் இந்த வெள்ளை ஒளி அடித்தால், சாலையோரத்து மண் எங்கே தொடங்குகிறது என்றே தெரிவதில்லை. உங்கள் எருமை தப்பிக்கும், நான் பள்ளத்தில் கிடப்பேன்.

இரவுச்சவாரி: நிறுவனமே எல்இடி வைத்து விற்கும் கார்கள் மட்டும் கூசவில்லையா? அவற்றை யாரும் கேட்பதில்லை. பழைய கார்க்காரன்தான் இளைத்தவன்.

பட்டறைவாசி: அவற்றின் கண்ணாடியும் பிரதிபலிப்பானும் அந்த எல்இடிக்கென்றே வடிவமைத்தவை. உங்களுடையது இழை பல்புக்காகச் செய்தது.

வாட்டுப்பிரியன்: எதற்கு இந்தச் சண்டை? 100/90 வாட் (பிரைட் 100, டிம் 90) ஹாலஜன் போட்டால் இழையும் அதே இடத்தில், வெளிச்சமும் தாராளம்.

பட்டறைவாசி: தாராளமாக ஹோல்டரும் உருகும். 60 வாட் பல்பு 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் இழுக்கும், 100 வாட் பல்பு எட்டுக்கு மேல். பழைய ஒயரிங் அதைத் தாங்காது.

புதுச்சாவி, பழைய 60/55 வாட் பல்பு மங்கலாக எரிந்தது ஏன் என்று முதலில் பாருங்கள். எஞ்சின் ஓடும்போது, விளக்கு எரியும் நிலையில், ஹோல்டரில் வோல்ட் அளக்கச் சொல்லுங்கள். மின்னழுத்தம் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறத்தாழ முப்பது சதவீதம் குறையும். ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) வைத்து பேட்டரியிலிருந்து நேரே கம்பி இழுத்தால் (ஃப்யூஸ் மறக்கவேண்டாம்) அதே பல்பு வேறு பல்பு போல எரியும். விளக்கின் பிளாஸ்டிக் முகம் மஞ்சளித்திருந்தால் மெருகேற்றுங்கள். புது ஹாலஜனின் கண்ணாடியில் விரல் படக்கூடாது. எண்ணெய்ப் பசை ஒட்டிய இடம் அதிகம் சூடாகி பல்பு சீக்கிரம் போய்விடும்.

பிறகு சமதளத்தில், டயர் காற்று சரிபார்த்து, ஓட்டுநர் இருக்கையில் ஆளை உட்காரவைத்து, சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். டாஷ்போர்டில் விளக்கு உயரச் சக்கரம் இருந்தால் பூஜ்யத்தில் வையுங்கள். பல கார்களில் ஹெட்லைட் அருகே 1% என்பது போல ஓர் அளவு அச்சிட்டிருக்கும். 1% என்றால், வெட்டுக்கோடு விளக்கின் மைய உயரத்தைவிட 10 சென்டிமீட்டர் கீழே விழவேண்டும். இடப்பக்கம் ஓட்டும் நம் ஊரில் கோடு இடப்பக்கம்தான் மேலேறும். வலப்பக்கம் ஏறினால் அந்த விளக்கு இந்த நாட்டுக்கானதே அல்ல.

இரவுச்சவாரி: இரவு முழுக்க ஓட்டுகிறவனிடம் சுவரில் கோடு பார்க்கச் சொல்கிறீர்கள்.

இருசக்கரன்: இரவு முழுக்க ஓட்டுகிறவர்தான் முதலில் பார்க்கவேண்டும்.

புதுச்சாவி: ஞாயிற்றுக்கிழமை பழைய பல்பை மாட்டி வோல்ட் அளந்து பார்க்கிறேன். ரிலே போட எலக்ட்ரீஷியன் எவ்வளவு கேட்பார்?

இரவுச்சவாரி: எல்இடியை எறியாதீர்கள். நான் வாங்கிக்கொள்கிறேன்.