பாட்டா வீட்டுக் குழு: அலமாரி

சுந்தர் மாமா: ஞாயிறு பால் காய்ச்சு. இரணியல் வீட்டுல இருந்து பாட்டாக்க தேக்கு அலமாரிய பார்வதிபுரம் கொண்டு வரணும். அனீஷ் மக்கா, நீயும் பிபினும் வந்தா போதும். 160 கிலோ தூக்குத ஆளுல்லா

ராஜி சித்தி: அலமாரி அங்கதான் போகுதுன்னு எப்ப முடிவாச்சு?

பிபின்: நான் ரெடி மாமா 💪

அனீஷ்: மாமா, கோவிக்காதுங்க, நான் தூக்க மாட்டேன். ஆடி மாசம் ஜிம்முல டெட்லிஃப்ட், தரையில கெடக்குத எடைய குனிஞ்சு தூக்குதது, 160 கிலோ போட்டேன்லா, மூணாவது தடவை கீழ வைக்கும்போ இடுப்புல ஒரு சொடக்கு. மறுநாள் பல்லு தேய்ச்சுட்டு துப்பக் குனிய முடியல. இடுப்புல இருந்து இடது கெண்டைக்கால் வரை கரண்டு அடிச்ச மாதிரி. ஸ்கேன்ல எல்4-எல்5 டிஸ்க், கீழ் முதுகெலும்புக்கு நடுவுல இருக்க மெத்தை மாதிரி தட்டு, பிதுங்கியிருக்கு.

செல்வி மாமி: அய்யோ மக்களே, சொல்லவே இல்லியே

சுந்தர் மாமா: ஆசான்கிட்ட காட்டினியா? பாட்டா இளவட்டக்கல்ல தோளுக்கு மேல போட்ட ஆளு. நம்ம ரத்தம்லா

பெரியம்மா: அப்பா கடைசி காலத்துல குனிய முடியாம கெடந்தத ஆரு பாத்தா சுந்தரு? நானும் ராஜியும்

ராஜி சித்தி: அதான்

பிபின்: டெம்போ சொல்லியாச்சா?

அனீஷ்: ஆசான் எண்ணெ போட்டு தடவுனதுல இறுக்கம் விட்டுது மாமா. கால் வலி போனது பிசியோ சொன்ன பயிற்சியில. இப்ப ஸ்குவாட் 40 கிலோதான். மூணு எண்ணி இறங்கி, பைய எழும்பி, 20 தடவை. கடைசி மூணு நாலு வரும்போ தொடை நடுங்கணும், அதுதான் கணக்கு.

பிபினு, இத நீ வாசிக்கணும். கொறஞ்ச எடையில சதை வளராதுன்னு நெனைக்காத. கனடாவுல மெக்மாஸ்டர் யூனிவர்சிட்டியில 2016-ல ஏற்கெனவே பழகின 49 ஆம்பளைங்கள 12 வாரம் பாத்தாங்க. ஒரு கூட்டம் எடை கொறச்சு 20–25 தடவை, மத்தது கனமா 8–12 தடவை. ரெண்டு கூட்டமும் இனி முடியாதுங்கற வரை தூக்கினாங்க. சதை ரெண்டு பேருக்கும் ஒரே அளவுலதான் வளந்துது. ஒரே தூக்குல பெரிய எடை போடணும்னாதான் கனத்துல பழகணும். போட்டிக்குப் போகாத நமக்கு அது என்னத்துக்கு? சதைக்கு பலம் சீக்கிரம் வந்துரும், அத எலும்போட பிடிச்சிருக்க தசைநாருக்கு நாளாகும். நீ வாரத்துக்கு 10 கிலோ ஏத்துகேன்னு சொன்னதுல இருந்து எனக்கு உறக்கம் இல்ல. எடை கொறச்சாலும் முதுகு வளஞ்சா அடிபடும், அதையும் பாத்துக்கோ.

பிபின்: ம்

பிபின்: 100 கிலோவ விட்டுரவா அப்போ?

அனீஷ்: 60 போடு. நாளைக்கு சாயங்காலம் வாறேன், நான் பக்கத்துல நிக்கேன்.

செல்வி மாமி: எனக்க மூட்டுக்கு 2 கிலோ டம்பெல் வாங்கட்டா?

அனீஷ்: வாங்காண்டாம் மாமி. நாற்காலியில இருந்து கையூணாம எழும்பி இருங்க, 10 தடவை. வலிச்சா நிறுத்திருங்க.

செல்வி மாமி: சரி. பாயசம் அடப்பிரதமனா, பாசிப்பருப்பா?

ராஜி சித்தி: பருப்பு

சுந்தர் மாமா: அட

பெரியம்மா: ஐப்பசி மழை. அலமாரி நனையும்

அனீஷ்: மாமா, சனிக்கிழமை ஸ்குரூடிரைவரோட வாறேன். கதவையும் தட்டையும் கழத்திட்டா பாதி கனம் போயிரும். சந்தையில நாலு லோடு ஆளு சொல்லுங்க. பிபின் கதவ மட்டும் பிடிக்கட்டும்.

சுந்தர் மாமா: கூலி?

ராஜி சித்தி: அலமாரி ஆருக்கோ அவிய

பெரியம்மா: கீழ்த்தட்டுல அப்பாக்க கண்ணாடி கெடக்கும். அத எனக்கு எடுத்து வை அனீஷ்

அனீஷ்: வைக்கேன் பெரியம்மா

பிபின்: டெம்போ??