வெள்ளம் வந்தால்தான் பக்கத்து வீட்டுக்காரரிடம் பேச வேண்டுமா?

பெல்ஸ்ரோடு வாசி:
நான் வளர்ந்தது திருவல்லிக்கேணி ஸ்டோர் வீட்டில். ஒரே தெருவாசல், உள்ளே ஏழு குடித்தனம், முற்றத்தில் ஒரு அடிபம்பு. போன் மாடியில் இருந்த வீட்டுக்காரரிடம் மட்டும்தான். கல்யாணப் பத்திரிகையில்கூட அவர் நம்பரைப் போட்டு, பக்கத்தில் 'பி.பி.' என்று அச்சடிப்போம்; அடுத்தவர் போன், கூப்பிட்டுக் கொடுப்பார்கள் என்று அர்த்தம். யாருக்காவது வெளியூரிலிருந்து டிரங்க்கால் வந்தால் சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு மாடிக்கு ஓடுவார்கள். அவர்கள் இறங்கி வருவதற்குள் சேதி ஏழு வீட்டுக்கும் தெரிந்திருக்கும்.

இப்போது வேளச்சேரியில் பிளாட். எதிர் வீட்டுக்காரர் பெயரே வாசலில் கிடக்கும் பார்சலைப் பார்த்துத்தான் தெரியும். லிஃப்டில் பார்த்துக்கொண்டால் இரண்டு பேரும் செல்போனை எடுத்துவிடுகிறோம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மட்டும் கதை வேறு. கரண்ட் இல்லை, டவர் இல்லை, மோட்டார் ஓடாததால் குழாயில் தண்ணீரும் இல்லை. கீழ்த்தளத்துக்காரர்கள் மாடி வீடுகளில் படுத்துக்கொண்டார்கள். இண்டக்‌ஷன் அடுப்பை நம்பியிருந்தவர்களுக்கெல்லாம் மூன்றாம் மாடி அம்மாதான் கேஸில் கஞ்சி வைத்துக் கொடுத்தார். அப்புறம் கரண்ட் வந்தது. வாட்ஸப் குழு பழையபடி பார்க்கிங் சண்டைக்குப் போய்விட்டது.

வயது அறுபதைத் தாண்டிவிட்டது. மனைவி இல்லை, பையன் டல்லாஸில். பேச்சுக் கொடுப்பதை எங்கிருந்து ஆரம்பிப்பது?

மயிலை மருமகள்:
ஐயா, ஸ்டோர் வீட்டை ரொம்பப் புகழாதீர்கள். நான் அப்படி ஒன்றில்தான் வாழ்க்கைப்பட்டேன். ராத்திரி மாமியார் ஒரு வார்த்தை சொன்னால் காலையில் குழாயடியில் எல்லோரும் துக்கம் விசாரிப்பார்கள். "விசேஷம் உண்டா?" என்று மாதாமாதம் கேள்வி வேறு. தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழ ஒரு அறை கிடைத்ததே பிளாட்டுக்கு வந்த பிறகுதான்.

பெரம்பூர் ரிட்டயர்டு:
சார், பலகாரத் தட்டோடு போய் நிற்காதீர்கள். சுகர், டயட் என்பார்கள். இல்லையென்றால் எதற்கு அடி போடுகிறார் என்று யோசிப்பார்கள். ஏதாவது கைமாற்றுக் கேளுங்கள்: கறிவேப்பிலை, ஏணி, ஸ்க்ரூ டிரைவர். இன்னொருத்தருக்கு உதவினோம் என்று அவர்களுக்கும் ஒரு திருப்தி. 2019இல் ஏரியெல்லாம் வறண்டு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததே, அந்தக் கோடையில் எங்கள் தெருவில் பாதிப் பேர் லாரிக்குக் குடம் இரவல் கேட்டுத்தான் பழக்கமானார்கள். மீதிப் பாதி அதே வரிசையில் சண்டை போட்டுப் பழக்கமானார்கள்.

பெல்ஸ்ரோடு வாசி:
மருமகள் அம்மா, நீங்கள் சொல்வது நியாயம்தான். என் அம்மாவும் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டுதான் அழுவாள். ஆனால் அப்பாவுக்கு நடுராத்திரியில் நெஞ்சுவலி வந்தபோது கதவைத் தட்ட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. முனகல் கேட்டே நாலு பேர் வந்துவிட்டார்கள். இரண்டும் ஒரே சுவரால் வந்ததுதான், என்ன செய்ய!

பெரம்பூர் சார், நேற்று பல்பு மாற்ற எதிர் வீட்டுக்கு ஸ்டூல் கேட்டுப் போனேன். அவர்கள் வீட்டில் ஸ்டூல் இல்லையாம். மனுஷர் தன் சாப்பாட்டு மேஜை நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து அவரே ஏறி மாட்டிக் கொடுத்தார். சொந்த ஊர் கோவில்பட்டி. பார்சலில் நான் பார்த்த பெயர் அவர் தங்கையுடையதாம். இத்தனை நாளும் மனசுக்குள் அவரைத் தப்பான பெயரில் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

அடுத்து ஏணி கேட்கலாமா, இல்லை ஒரு வாரம் விட்டுப்பிடிக்கவா?