60 வருஷமா பிளேன் வேகம் ஏன் ஏறவே இல்ல?

நங்கநல்லூர்_பையன்:

ரொம்ப நாளா இருக்கற டவுட் இது, யாராவது தெரிஞ்சவங்க விளக்குங்க. எங்க பெரியப்பா 70கள்ல போயிங் 707ல லண்டன் போனவரு. நேத்து பேச்சுவாக்குல "அப்பவும் இதே ஸ்பீடு தான்டா, இப்ப சீட்டு தான் சின்னதாயிருக்கு"ன்னாரு. சும்மா அடிச்சு விடறாருன்னு நெனச்சு தேடிப்பாத்தா நிஜமாவே 707 போன வேகத்துல தான் இப்பவும் போறோம், இப்ப ஓடற ஏர்பஸ் ஏ320 எல்லாம் அதவிட ஒரு பொடி கம்மியாவே போகுது!! 1958ல சர்வீசுக்கு வந்த பிளேன் அது. ரயில் வேகம் ஏறுது கார் வேகம் ஏறுது, பிளேன் மட்டும் ஏன் அப்படியே நிக்குது?

கூடவே ரெண்டு கேள்வி. சத்தத்த விட வேகமா பறந்த பயணி விமானம் கான்கார்டு, 2000ல பாரிஸ்ல விழுந்ததால தான் நிறுத்திட்டாங்களா இல்ல வேற காரணம் இருக்கா. அப்புறம் சென்னை–பெங்களூரு டிக்கெட்ல ஒரு மணி நேரத்துக்கு மேல போட்டிருக்கு, ஆனா வானத்துல இருந்தது முக்கா மணி கூட இல்ல, மீதி நேரம் எங்க போச்சு?

கடுப்பு_கந்தசாமி:

இதுல என்ன டவுட்டு, எல்லாம் கம்பெனிக்காரன் வேலை. வேகமா போக முடியும், பெட்ரோல மிச்சம் பிடிக்க வேணும்னே மெதுவா ஓட்றான். நம்ம கிட்ட காசு மட்டும் முழுசா வாங்குவான்

பழைய_இஞ்சின்:

கந்தசாமி சார் பாதி உண்மைய சொல்லிட்டு பாதிய விட்டுட்டாரு. நான் ஹேங்கர்ல (பிளேன் ரிப்பேர் பண்ற கொட்டகை) வேலை பாத்து ரிட்டயர் ஆன ஆளு, எனக்கு தெரிஞ்சத சொல்றேன்.

தம்பி, இங்க தடையா நிக்கறது சத்தத்தோட வேகம். 35,000 அடில வெளிய மைனஸ் 55 டிகிரி, அந்த குளிர்ல சத்தம் மணிக்கு சுமார் 1,060 கிமீ வேகத்துல போகும், அது தான் மாக் 1. 707 மாக் 0.8க்கு கொஞ்சம் மேல போச்சு, 747ம் 787ம் 0.85, ஏ320 0.78 வாக்குல. இன்னும் 0.15 தானே பாக்கி, கொஞ்சம் திராட்டில தள்ளுனா போயிடாதான்னு தோணும். போகாது. பிளேன் 0.85ல போனாலும் றெக்கையோட மேல்பக்கம் வளைஞ்சு ஓடுற காத்து அதவிட வேகமா ஓடும், அங்கங்க மாக் 1ஐயும் தாண்டிரும். தாண்டுன இடத்துல அதிர்வலை உண்டாகும், அதுக்கு பின்னாடி காத்து றெக்கையோட ஒட்டாம பிச்சுக்கும். அப்ப இழுவை கொஞ்சங்கொஞ்சமா ஏறாது, ஒரேடியா எகிறும். எதிர்காத்துல சைக்கிள் மிதிக்கறப்ப யாரோ பின்னாடி உக்காந்து குடைய விரிச்ச மாதிரி. அதுக்கு மேல எவ்வளவு எண்ணெய் ஊத்துனாலும் கிடைக்கிற வேகம் சொற்பம்.

அந்த எல்லைய கொஞ்சம் தள்ளிப்போட தான் றெக்கைய பின்பக்கமா சாய்ச்சாங்க, 707ல 35 டிகிரி சாய்வு. அப்புறம் 60கள்ல நாசாவுல ரிச்சர்ட் விட்கோம்ப்னு ஒருத்தர் மேல்பக்கம் தட்டையா இருக்கற புது றெக்கை வடிவத்த கொண்டு வந்தாரு. அத வச்சு அதே எண்ணெய்ல இன்னும் வேகமா போகலாம், இல்லன்னா அதே வேகத்துல கம்மி எண்ணெய்ல போகலாம். 1973ல எண்ணெய் விலை எகிறுனதும் எல்லாரும் எத எடுத்துருப்பாங்கன்னு நீங்களே யோசிச்சுக்கங்க. இஞ்சினும் அதே கதை தான். முதல்ல வந்த 707 இஞ்சின்ல உள்ள போன காத்து பூரா தீ எரியுற அறை வழியா போயி ஊசி மாதிரி வெளிய சீறும், காது கிழியும். இப்ப முன்னாடி இருக்கே ஆள் உயரத்துக்கு மேல விசிறி, அது தள்ளுற காத்துல முக்காவாசிக்கு மேல தீ பக்கமே போகாம சுத்தி வந்துரும். சிக்கனம், சத்தம் கம்மி, ஆனா வேகத்த இன்னும் ஏத்தறதுக்கு தோதான இஞ்சின் இல்ல அது.

வேகமா போக யாரும் முயற்சி பண்ணலன்னும் சொல்ல முடியாது. கான்வேர் 990ன்னு ஒரு பிளேன், 707ஐ விட வேகமா போகும்னு சொல்லியே வித்தாங்க, கட்டுனது மொத்தமே 37 தான், கம்பெனிக்கு பெரிய நஷ்டம். 2001ல போயிங்கே சோனிக் குரூசர்னு ஒரு டிசைன் காட்டுச்சு, மாக் 0.95க்கு மேல போகும்னாங்க. ஏர்லைன்காரங்க பாத்துட்டு எங்களுக்கு வேகம் வேணாம் எண்ணெய் செலவ கொறைச்சு குடுங்கன்னுட்டாங்க. 2002 கடைசில அத தூக்கி போட்டுட்டு ஆரம்பிச்சது தான் இப்ப நீங்க போற 787.

ஒரு கொசுறு தகவல். 1961ல டிசி-8ன்னு ஒரு பயணி ஜெட்ட கலிஃபோர்னியால மேல கொண்டு போயி மூக்க கவுத்து டைவ் அடிச்சு மாக் 1ஐ தாண்ட வச்சாங்க, டெஸ்டுக்காக. அதே பிளேன அப்புறம் ஏர்லைனுக்கு குடுத்து ஜனங்கள ஏத்திக்கிட்டு வருஷக்கணக்கா பறந்துச்சு 😄

சாங்கி_வாசி:

கான்கார்டு பத்தி நான் சொல்றேன், சிங்கப்பூர்ல இருக்கறதால இந்த கதை மேல எனக்கு தனி ஆசை.

அந்த விபத்து தான் காரணம்னு எல்லாரும் நெனைக்கிறாங்க, ஆனா விபத்துக்கு அப்புறம் டயர், டேங்க் எல்லாம் மாத்தி 2001 நவம்பர்ல திரும்ப ஓட்டுனாங்க. 2003ல தான் நிறுத்துனது. வரவு செலவு கணக்கு எப்பவுமே இடிச்சுக்கிட்டு தான் இருந்துச்சு. சீட்டு 100, டேங்க் கொள்ளளவு கிட்டத்தட்ட 95 டன், அட்லாண்டிக்க ஒரு தடவ தாண்டறதுக்குள்ள அதுல பெரும்பகுதி காலி. பழைய_இஞ்சின் ஐயா சொன்ன அந்த இழுவை எகிறுற கட்டத்த தாண்ட கான்கார்டு போர் விமானம் மாதிரி இஞ்சின் பின்னாடி கூடுதலா எண்ணெய பீச்சி எரிக்கும், டேக் ஆஃப்லயும், அப்புறம் மாக் 0.95லேர்ந்து 1.7 வரைக்கும். அந்த கொஞ்ச நேரத்துல குடிக்கற எண்ணெய் கொஞ்சநஞ்சம் இல்ல.

ஆனா என்ன கேட்டா எண்ணெய விட சத்தம் தான் கொன்னுச்சு. சத்தத்த விட வேகமா போற பிளேன் கீழ கிளப்பற டமார் சத்தம், மாக் 1ஐ தாண்டற நிமிஷத்துல ஒரு தடவ மட்டும் கேக்கும்னு நிறைய பேர் நெனைக்கிறாங்க, தப்பு. அந்த வேகத்துல போற வழி முழுக்க கீழ இருக்கற ஊருக்கெல்லாம் வரிசையா கேட்டுக்கிட்டே வரும். 1973லயே அமெரிக்கா பயணி விமானங்கள் நாட்டு மேல அந்த வேகத்துல பறக்க கூடாதுன்னு தடை போட்டுச்சு.

எங்க கதை என்னன்னா 1977 டிசம்பர்ல பிரிட்டிஷ் ஏர்வேசும் சிங்கப்பூர் ஏர்லைன்சும் சேந்து லண்டன்–பஹ்ரைன்–சிங்கப்பூர் கான்கார்டு விட்டாங்க. ஒரே பிளேன், இடது பக்கம் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் பெயிண்ட், வலது பக்கம் பிரிட்டிஷ் ஏர்வேஸ் பெயிண்ட். மூணே தடவ போய்ட்டு வந்தது, மலேசியா எங்க ஆகாயத்துல இந்த சத்தம் வேணாம்னு நிறுத்திட்டாங்க. 1979ல வழிய மாத்தி மறுபடி ஆரம்பிச்சாங்க. அப்ப இந்தியா எங்க நாட்டு மேல சூப்பர்சோனிக் (சத்தத்த விட வேகமா பறக்கறது) கிடையாதுன்னு கறாரா நின்னுச்சு. அப்புறம் எங்க லாபம் வரும், 1980ல மூடிட்டாங்க. ஏர் இந்தியாவே ஒரு காலத்துல 2 கான்கார்டுக்கு இடம் போட்டு வச்சிருந்து பின்னாடி வேணாம்னுட்டாங்க, அதையும் சேத்து சொல்லணும்.

பழைய_இஞ்சின் ஐயாவுக்கு பிடிச்ச விஷயம் ஒண்ணு. மாக் 2ல காத்து உரசி பிளேனோட உடம்பே சூடாகி நீளும், ஒரு சாண் அளவுக்கு. காக்பிட்ல ஃபிளைட் இன்ஜினியரோட பேனலுக்கும் சுவருக்கும் நடுவுல பறக்கறப்ப மட்டும் ஒரு இடுக்கு விழும். சர்வீஸ் முடியற கடைசி நாட்கள்ல சில இன்ஜினியர்ங்க தங்களோட தொப்பிய அந்த இடுக்குல சொருகி விட்டாங்க, பிளேன் ஆறி சுருங்குனதும் தொப்பி கெட்டியா மாட்டிக்கிச்சு. இனிமே அது பறக்கப்போறதில்ல, எடுக்கவும் முடியாது.

டைம்டேபிள்_பிரியன்:

மூணாவது கேள்விக்கு யாரும் வரல போல.

டிக்கெட்ல போடற நேரம் கேட்லேர்ந்து கேட் வரைக்கும். பின்னாடி தள்ளுறது, ரன்வே வரைக்கும் உருண்டு போறது, வரிசைல நிக்கறது, இறங்குனதும் பிளேன நிறுத்த இடம் கிடைக்க காத்திருக்கறது எல்லாம் அதுல அடக்கம். அதுக்கு மேல மெத்தை மாதிரி கொஞ்சம் கூடுதல் நேரமும் வைப்பாங்க, ஏன்னா குறிச்ச நேரம் தாண்டி 15 நிமிஷத்துக்குள்ள வந்துட்டா ஆன் டைம்னு கணக்கு. அதான் லேட்டா கிளம்புனாலும் "குறித்த நேரத்துக்கு முன்பே வந்துவிட்டோம்"னு பெருமையா அறிவிப்பு வரும். போன தடவ ஒரு கம்பெனில அப்படி தான், முக்கா மணி லேட்டா எடுத்தான், இறங்கறப்ப இருபது நிமிஷம் தான் லேட்டு, கேட்டா பைலட் வேகமா ஓட்டிட்டாராம். அவ்வளவு குட்டி ரூட்ல எங்கேர்ந்து வேகமா ஓட்றது.

கந்தசாமி சொன்ன மாதிரி மெதுவா ஓட்றதும் உண்டு, ஆனா அது ரகசியமெல்லாம் இல்ல. காக்பிட் கம்ப்யூட்டர்ல காஸ்ட் இண்டெக்ஸ்னு ஒரு நம்பர் போடணும், நேரத்தோட செலவு பெருசா எண்ணெயோட செலவு பெருசான்னு சொல்ற நம்பர். கம்மியா போட்டா மெதுவா போகும், கூட்டி போட்டா வேகமா போகும், நடுவுல வித்தியாசம் சில நிமிஷங்கள் தான்.

ஆனா பெரியப்பா கிட்ட ஒண்ணு கேளுங்க, அப்ப வழில எத்தன இடத்துல நின்னுச்சுன்னு. என்னை பொறுத்தவரை மாறுனது அங்க தான், இத்தன பேரும் ஸ்பீடோமீட்டரையே பாத்துட்டு இருக்கீங்க. 1929ல இம்பீரியல் ஏர்வேஸ் லண்டன்லேர்ந்து கராச்சிக்கு ஒரு வாரம் எடுத்துச்சு, அதுல நடுவுல ஒரு துண்டு ரயில்ல வேற போகணும். 1948ல ஏர் இந்தியாவோட முதல் லண்டன் ஃபிளைட் பம்பாய்ல கிளம்பி கெய்ரோ, ஜெனீவாவுல எல்லாம் எறங்கி தான் போச்சு. இப்ப சென்னைலேர்ந்து லண்டனுக்கு ஒரே தாவு. வேகம் அதே மணிக்கு 900 கிமீ தான், நடுவுல எண்ணெய் போட எறங்கற வேல போச்சு. 1949ல நம்ம ஊர்ல இன்னும் வேடிக்கை, மெட்ராஸ் பம்பாய் கல்கத்தா டில்லி நாலு ஊர்லேர்ந்தும் ராத்திரி தபால் பிளேன் கிளம்பி நடுராத்திரி நாக்பூர்ல கூடி மூட்டைய மாத்திக்கிட்டு அவங்கவங்க ஊருக்கு விடியறதுக்குள்ள திரும்பிடும்.

பலாலி_பெடியன்:

நல்ல திரி. ஒரு விசயம் சேர்க்கிறன். ஜெட் எண்டால் எல்லாரும் 707ஐத்தான் சொல்லுவினம், ஆனா அதுக்கு ஆறு வருசம் முந்தியே இங்கிலாந்துக்காரர் கொமெட் எண்ட ஜெட்டை ஓட விட்டிட்டினம். 1952 மே மாசம் லண்டன்–ஜோஹன்னஸ்பர்க், அதே வருசம் ஓகஸ்ட்டில லண்டன்–கொழும்பு. உலகத்தின்ர முதல் ஜெட் பாதைகளில எங்கட கொழும்பும் ஒண்டு, இங்க கனபேருக்கு அது தெரியாது.

பிறகு நடந்தது துக்கம். 1954 சனவரியில ஒண்டு இத்தாலிப் பக்கம் எல்பா தீவுக்குக் கிட்ட நடுவானத்தில உடைஞ்சு விழுந்தது, ஏப்ரலில இன்னொண்டு நேப்பிள்சுக்குக் கிட்ட. பிறகு இங்கிலாந்தில ஃபார்ன்பரோ ஆராய்ச்சி நிலையத்தில ஒரு முழு விமானத்தையே தண்ணித் தொட்டிக்க இறக்கி, உள்ளுக்கு அழுத்தத்தைக் கூட்டிக் குறைச்சு, கூட்டிக் குறைச்சு, ஆயிரக்கணக்கான பறப்பு பறந்த மாதிரி சோதிச்சவை. கடைசியா உடம்பு கிழிஞ்சுது, ஒரு யன்னல் வெட்டின்ர மூலையில. கடலுக்குள்ளால எடுத்த எல்பா விமானத்தின்ர துண்டில கூரையில அன்டெனாவுக்கு வெட்டின துளையின்ர மூலை. அழுத்தம் எல்லாம் மூலையில வந்து குவிஞ்சு உலோகம் களைச்சுப் போகும். இண்டைக்கு உங்கட பக்கத்தில இருக்கிற யன்னல் மூலை உருண்டு இருக்கிறதுக்கு அந்தப் பாடமும் ஒரு காரணம்.

எங்கட பலாலியும் சும்மா இல்லை. 1947 டிசம்பரில எயார் சிலோன் தொடங்கேக்க முதல் பறப்பே இரத்மலானை–காங்கேசன்துறை (அதுதான் பலாலி விமானத்தளம்)–மெட்ராஸ்தான், டகோட்டா விமானத்தில.

நங்கநல்லூர்_பையன்:

ஒரே நாள்ல இவ்வளவு விஷயமா, எல்லாருக்கும் நன்றி. பெரியப்பா கிட்ட கேட்டேன், எறங்குன ஊர் பேரெல்லாம் விரல் விட்டு சொல்லிட்டு "ஒவ்வொரு ஊர்லயும் எறங்கி காத்து வாங்குனோம், உங்களுக்கு அந்த பாக்கியம் ஏது"ங்கறாரு, அவர ஜெயிக்க முடியாது.

கடைசியா ஒண்ணு. 2025 ஜனவரில அமெரிக்காவுல பூம்னு ஒரு கம்பெனியோட எக்ஸ்பி-1 சோதனை விமானம் மாக் 1ஐ தாண்டுச்சுல்ல, அப்ப சூப்பர்சோனிக் பயணி விமானம் மறுபடி வருமா? சென்னைக்கு வருமா?

பழைய_இஞ்சின்:

எக்ஸ்பி-1 சின்ன சோதனை விமானம் தம்பி, பயணிங்க ஏற்ற சைஸ் இல்ல. அதுக்கப்புறம் அந்த வருஷம் ஜூன்ல அமெரிக்க அரசு 1973 தடைய எடுக்க சொல்லி உத்தரவு போட்டுச்சு, ஆனா அது அவங்க நாட்டுக்குள்ள மட்டும். சென்னைலேர்ந்து மேற்கால லண்டன் பக்கம் போனா வழில இந்தியா, ஈரான், துருக்கின்னு ஊரும் நாடுமா தான் வரும், அவங்க ஒவ்வொருத்தரும் ஒத்துக்கணும். ஒத்துக்கலன்னா அந்த பிளேனும் மாக் 1க்கு கீழ தான் ஊர்ந்து போகணும்.

கிழக்கால பாத்தா சென்னை–சிங்கப்பூர் நல்ல ரூட்டு, பெரும்பாலும் வங்காள விரிகுடா மேலயே போகுது. ஆனா இப்பவே நாலு மணி நேரம் தான். அதுல ஏறி இறங்கற நேரம் போக எவ்வளவு மிச்சம் பிடிக்க முடியும், அதுக்கு எத்தன மடங்கு டிக்கெட் குடுப்பீங்க? மூணு மணி நேரம் முன்னாடியே ஏர்போர்ட்டுக்கு வர சொல்றாங்களே, அத ரெண்டு ஆக்குனா போதும்பாங்க நம்ம ஜனங்க.

கடுப்பு_கந்தசாமி:

அதையும் செய்ய மாட்டான்