டிஸ்ட்ராக்‌ஷன் ஆஸ்டியோஜெனிசிஸ்: 'இடைவிரி எலும்பாக்கம்' பொருந்துமா?

அனைவருக்கும் வணக்கம்.

எலும்பை வெட்டி, முனைகளை மெல்ல விலக்கி, இடைவெளியில் புது எலும்பை வளர்க்கும் மருத்துவ முறைதான் டிஸ்ட்ராக்‌ஷன் ஆஸ்டியோஜெனிசிஸ். அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் குழு உரையாடலில் 'இழுவை எலும்பாக்கம்' என்று ஐயா ஒருவர் முன்மொழிந்ததையும், 'நீட்சி எலும்பாக்கம்' போதுமே என்று அடுத்து வந்த மடலையும் படித்தேன். இரண்டிலும் எனக்குத் தயக்கம் இருக்கிறது. இந்த முறையைத் தந்த சோவியத் மருத்துவர் கவ்ரீல் இலிசரோவ் என்ன செய்தார் என்று பார்த்துவிட்டுச் சொல்லைத் தேடுவோம்.

1944-இல் மருத்துவப் படிப்பு முடித்த கையோடு அவரை மேற்கு சைபீரியாவில், குர்கான் வட்டாரத்தின் தோல்கோவ்கா என்ற சிற்றூருக்கு அனுப்பினார்கள். போர்க்காலம், எலும்பு கூடாமல், கால் குட்டையாகி, சீழ் ஆறாமல் வாழ்ந்தவர்கள் நிறைய. மாவுக்கட்டுப் போட்டு மாதக்கணக்கில் படுக்க வைப்பதை அவர் ஏற்கவில்லை. 1950-களின் தொடக்கத்தில் வளையச் சட்டகத்தை உருவாக்கினார். காலைச் சுற்றி உலோக வளையங்கள், எலும்பின் குறுக்கே செலுத்தி விறைப்பாகக் கட்டிய மெல்லிய கம்பிகள், வளையங்களை இணைக்கும் திருகுத் தண்டுகள். அதோடு நோயாளி எழுந்து நடக்கலாம். நடக்கத்தான் வேண்டும் என்பார் இலிசரோவ்.

அப்புறம்தான் பெரிய விஷயம். எலும்பின் உள்ளேயும் வெளியேயும் உள்ள ரத்த ஓட்டத்தைக் கூடியவரை கெடுக்காமல் வெட்டி, ஏறக்குறைய ஒரு வாரம் பொறுத்து, நாளொன்றுக்கு 1 மில்லிமீட்டர் வீதம் முனைகளை விலக்கினால், இடைவெளியில் புது எலும்பு உருவாகிறது. அந்த 1 மில்லிமீட்டரையும் 0.25 வீதம் நான்கு தடவையாகத் திருக வேண்டும். நாய்களில் அவர் சோதித்துப் பார்த்தார்: நாளுக்கு அரை மில்லிமீட்டர் என்றால் எலும்பு முன்கூட்டியே இறுகிவிடும், 2 மில்லிமீட்டர் என்றால் சரியாக உருவாகாது. உயிருள்ள திசுவை அளவோடும் விடாமலும் இழுத்தால் அது வளரும் என்பதே அவருடைய வாழ்நாள் நம்பிக்கை. எலும்பு மட்டுமல்ல, தசையும் நரம்பும் ரத்தக்குழாயும் சேர்ந்தே நீள்கின்றன.

மாஸ்கோவின் பெரிய மருத்துவர்கள் நெடுநாள் இதைப் பொருட்படுத்தவில்லை. 1964 ஒலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் தங்கம் வென்ற வலேரி புருமெல், மறு ஆண்டே மோட்டார் சைக்கிள் விபத்தில் கால் நொறுங்கி, பல அறுவைகளுக்குப் பின் குர்கானுக்கு இலிசரோவிடம் வந்து குணமாகி மறுபடி தாண்டினார். அதன் பிறகுதான் நாடே திரும்பிப் பார்த்தது. மேற்கு ஐரோப்பாவுக்கு இந்த முறை போய்ச் சேர 1981 ஆயிற்று. தலைநகரில் இருந்திருந்தால் இவ்வளவு காலம் ஆகியிருக்காது என்பது என் ஆதங்கம்.

சரி, சொல்லுக்கு வருகிறேன். முறிந்த எலும்பை நேராக வைக்க எடை தொங்கவிடும் ட்ராக்‌ஷனுக்கு 'இழுவை' என்று ஏற்கெனவே எழுதுகிறோம். அதையே இங்கும் வைத்தால் மாணவர்கள் குழம்புவார்கள். 'நீட்சி'யில் வேறு சிக்கல். விபத்திலோ கிருமித் தொற்றிலோ எலும்பின் ஒரு துண்டே போய்விட்டால், மீதி எலும்பிலிருந்து ஒரு துண்டை வெட்டி மெல்ல நகர்த்தி அந்தக் குறையை நிரப்புவார்கள். அங்கே கால் நீள்வதே இல்லை, ஆனால் நடப்பது இதே எலும்பாக்கம். இதே உரையாடலில் அம்மா ஒருவர் சொன்ன 'விலக்கு' பொருளில் நெருங்கி வருகிறது. ஆனால் வாசகருக்கு வரிவிலக்கு, மதுவிலக்குதான் முதலில் நினைவுக்கு வரும்.

எல்லாவற்றுக்கும் பொதுவானது ஒன்றுதான்: வெட்டிய இடம் விரிகிறது, விரிய விரிய எலும்பு உண்டாகிறது. ஆகவே 'இடைவிரி எலும்பாக்கம்' என்கிறேன். விரி என்பது வினைத்தொகையாக நிற்பதால், விரிதல் இன்னும் முடியவில்லை என்பதும் சொல்லிலேயே வந்துவிடுகிறது. இலங்கைப் பாடநூல்களில் என்பு என்பதே வழக்கம். அங்கே 'இடைவிரி என்பாக்கம்' என்று எழுதத் தடையில்லை.

இடைவெளியில் உருவாகும் எலும்புக்கு 'புத்தெலும்பு' என்றும், திருகத் தொடங்குமுன் பொறுக்கும் நாட்களுக்குக் 'காத்திருப்புக் காலம்' என்றும், திருகி முடித்தபின் அது கெட்டிப்படும் மாதங்களுக்கு 'இறுகு காலம்' என்றும் வைக்கலாம். கடைசிச் சொல்லில் மட்டும் எனக்கு முழுத் திருப்தி இல்லை. வார்டில் பணிபுரிபவர்கள் நோயாளியிடம் இதை எப்படிச் சொல்கிறார்கள் என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள்.